ஒரே ஆஸ்பத்திரி பில், வெவ்வேறு மாநிலங்கள்: மருத்துவக் கடனுக்கு எந்தச் சட்டம் உதவும்?

2023-ல் என் நண்பருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. அமெரிக்காவில் ஐ.டி. வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்த நேரம். கம்பெனி இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது. அதைச் சொந்தச் செலவில் நீட்டிக்க மாதம் இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்று விட்டுவிட்டார். அடுத்த வேலை கிடைக்கும்வரை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்ற கணக்கு. ஒரு ராத்திரி வயிற்று வலி வந்தது, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீடு திரும்பி மூன்று வாரம் கழித்து மூன்று உறைகள் வந்தன. ஆஸ்பத்திரிக்கு 17,200 டாலர், அறுவை மருத்துவருக்கு 2,900, மயக்க மருந்து கொடுத்தவருக்கு 1,500.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். அங்கே தனியார் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டினால்தான் பெரும்பாலும் அட்மிஷன். அமெரிக்காவில் 1986-ல் வந்த ஒரு மத்தியச் சட்டப்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரைக் காசு இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்ப முடியாது. முதலில் சிகிச்சை, பிறகு பில். அந்தப் பில்தான் கடனாக மாறுகிறது.

ஒன்பதாவது மாதம் நண்பரின் கடன் வசூல் ஏஜென்சிக்குப் போனது. அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். உட்கார்ந்து படித்தபோது, முதல் பில்லின் மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: வருமானம் குறைவாக இருந்தால் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். வரிவிலக்கு பெற்ற லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரிகள் இப்படி ஓர் உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும், முதல் பில்லிலிருந்து குறைந்தது 240 நாள்வரை விண்ணப்பம் வாங்க வேண்டும் என்பது 2010-க்குப் பிறகு வந்த மத்திய விதி. எங்கள் கண்ணில் அது பட்டபோது 240 நாள் தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் யாரும் அதை வாயால் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மாநிலங்கள் இந்தப் பிரச்சினைக்கு என்ன சட்டம் போடுகின்றன என்று தேடித் தேடிப் படிக்கிறேன். கேஎஃப்எஃப் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, அமெரிக்காவில் ஏறத்தாழ 2 கோடி பெரியவர்களுக்கு மருத்துவக் கடன் இருக்கிறது. மொத்தம் குறைந்தது 22,000 கோடி டாலர். அவர்களில் 30 லட்சம் பேர் தலைக்கு 10,000 டாலருக்கு மேல் பாக்கி வைத்திருக்கிறார்கள். இன்சூரன்ஸ் இருந்தும் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) கட்ட முடியாமல் கடனாளி ஆனவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. சட்டமன்றங்களில் வரும் மசோதாக்கள் எல்லாமே "மருத்துவக் கடன் நிவாரணம்" என்ற ஒரே பெயரில் வருவதால் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது. ஆனால் ஒவ்வொன்றும் செய்வது வேறு. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம்தான் எழுத முடியும் என்றால், எந்த மசோதாவுக்காக எழுதுவீர்கள்? என் நண்பரின் பில்லையே அளவுகோலாக வைத்துப் பார்க்கிறேன். நான்கு பேர் குடும்பம். அந்த ஆண்டு வருமானம் 60,000 டாலருக்குச் சற்றுக் கீழே. அந்த அளவு குடும்பத்துக்கு 2023-ல் மத்திய அரசின் வறுமைக் கோடு 30,000 டாலர். ஆக, வறுமைக் கோட்டின் இரண்டு மடங்குக்குள் அவர் வருகிறார்.

முதலில், அதிகம் பேசப்படுவதும் அதிக மாநிலங்கள் போட்டதுமான சட்டத்தை எடுத்துக்கொள்வோம். மருத்துவக் கடனைக் கிரெடிட் ரிப்போர்ட்டில் காட்டக் கூடாது என்பது அது. 2023 ஜூனில் கொலராடோ இதைத் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் சேர்ந்தது. அப்புறம் இலினாய், கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, மின்னசோட்டா, 2025-ல் வாஷிங்டன், ஒரெகன், மேரிலாந்து என்று வரிசை நீண்டது. இது தேவையான சட்டம்தான். கிரெடிட் ஸ்கோர் விழுந்தால் வாடகைக்கு வீடு கிடைப்பது கஷ்டம், கார் கடனுக்கு வட்டி ஏறும், சில இடங்களில் வேலைக்குக்கூடச் சிக்கல் வரும். நோய் வந்தது ஒருவரின் நாணயக் குறைவு ஆகாது. மருத்துவக் கடன் பாக்கியை வைத்து ஒருவர் மற்றக் கடன்களைச் சரியாகத் திருப்பிக் கட்டுவாரா என்று கணிப்பதும் சரியாக வராது என்று மத்திய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வே 2014-ல் சொன்னது.

ஆனால் இப்போது இந்தச் சட்டத்தின் கால் தரையில் உறுதியாக இல்லை. அதே மத்திய அமைப்பு 2025 ஜனவரியில் நாடு முழுவதற்கும் இப்படி ஒரு விதியை அறிவித்தது. 1.5 கோடி பேரின் ரிப்போர்ட்டிலிருந்து 4,900 கோடி டாலர் கடன் நீங்கும் என்றார்கள். ஆட்சி மாறியதும் அந்த அமைப்பே தன் விதியைக் கைவிட்டது, ஜூலையில் டெக்சாஸில் ஒரு மத்திய நீதிபதி அதை ரத்து செய்தார். அக்டோபரில் அதே அமைப்பின் இன்னொரு அறிவிப்பு: கிரெடிட் ரிப்போர்ட் விஷயத்தில் மத்தியச் சட்டமே மேலானது, மாநிலங்கள் இதில் சட்டம் போட முடியாது என்று. இது ஒரு விளக்கம் மட்டுமே, நீதிமன்றம் வேறு மாதிரியும் சொல்லலாம். ஆனாலும் இந்தச் சட்டங்களை எதிர்ப்பவர்கள் கையில் இப்போது ஒரு ஆயுதம் இருக்கிறது.

அது போக, மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களும் 2022, 2023-லேயே தாங்களாக முன்வந்து கட்டி முடித்த கடனையும் 500 டாலருக்குக் கீழான கடனையும் ஓராண்டு ஆகாத கடனையும் காட்டுவதை நிறுத்திவிட்டன. சின்னக் கடன்களில் பெரும்பகுதி அப்படியே போய்விட்டது. சரி, என் நண்பரின் பில்? 21,600 டாலர், ஒரு சென்ட் குறையாமல் அப்படியே நிற்கும். ரிப்போர்ட்டில் தெரியாது, அவ்வளவுதான். ஏஜென்சி தொடர்ந்து போன் செய்யும்.

இரண்டாவது வகையை வேகமாகக் கடந்துவிடலாம். அரசே பணம் போட்டுக் கடனை வாங்கி ரத்து செய்வது. பழைய கடன்களை வசூல் சந்தையில் டாலருக்கு ஒரு சென்ட் கணக்கில் வாங்கலாம் என்பதால் செய்தியில் பிரமாதமாகத் தெரியும்: 2022-ல் சிகாகோ இருக்கும் குக் கவுண்டி 1.2 கோடி டாலர் ஒதுக்கி 100 கோடி டாலர்வரை கடன் தீர்க்கிறோம் என்றது. கனெக்டிகட், நியூ ஜெர்சி மாநிலங்களும் இதே வழியில் இறங்கின. தபாலில் "உங்கள் கடன் தீர்ந்தது" என்று கடிதம் வந்தவர் அடையும் நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 83,000-க்கும் மேற்பட்டவர்களின் 16.9 கோடி டாலர் கடனை ரத்து செய்து, ரத்தாகாதவர்களோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2024-ல் வந்தது. நிதி நிலையிலும் மன நலத்திலும் சராசரியாகப் பார்த்தால் மாற்றம் எதுவும் பெரிதாக இல்லை. காரணம் எளிது. ஒரு சென்ட்டுக்கு விற்கப்படும் கடன், யாரும் கட்ட மாட்டார்கள் என்று சந்தையே கைவிட்ட கடன். அந்தக் கட்டத்துக்கு வருவதற்குள் குடும்பம் படவேண்டிய பாட்டையெல்லாம் பட்டு முடித்திருக்கும். அடுத்த மாதம் புதுப் பில் வந்தால் அதுவும் கடன்தான். மாநில அரசின் பணத்தை இதில் போடச் சொல்லி நான் கடிதம் எழுத மாட்டேன்.

அடுத்தது வசூலின் கடுமையைக் குறைக்கும் சட்டங்கள்: வட்டி, சம்பளப் பிடித்தம், வீட்டின் மேல் பற்றுரிமை (கடனுக்கு ஈடாக வீட்டின் மேல் வைக்கும் உரிமை). இதில் அரிசோனாவின் கதை எனக்குப் பிடிக்கும். அங்கே சட்டமன்றத்தை நம்பிக் காத்திருக்கவில்லை. 2022 நவம்பர் தேர்தலில் 209-ஆம் முன்மொழிவாக நேரடியாக மக்களிடமே கேட்டார்கள், 72 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். மருத்துவக் கடனுக்கு 10 சதவீதம்வரை இருந்த வட்டி 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றானது. கடனுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் அளவு 25 சதவீதத்திலிருந்து 10 ஆனது. கடன் கொடுத்தவர் கைவைக்க முடியாத வீட்டு மதிப்பு 4 லட்சம் டாலராக உயர்ந்தது. நியூயார்க் அதே மாதம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆஸ்பத்திரிக் கடனுக்காகச் சம்பளத்தையும் தொடக் கூடாது, குடியிருக்கும் வீட்டின் மேலும் பற்று வைக்கக் கூடாது. இது ஏதோ இடதுசாரி மாநிலங்களின் சட்டம் என்று நினைக்க வேண்டாம். டெக்சாஸில் சாதாரணக் கடனுக்குச் சம்பளப் பிடித்தம் செய்வதை மாநில அரசியலமைப்பே தடுக்கிறது.

21,600 டாலருக்கு 10 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 2,160. மூன்று சதவீதம் என்றால் 648. மாதம் 180 டாலர் கட்டுபவருக்கு முதல் கணக்கில் அசல் குறையவே குறையாது, இரண்டாவதில் குறையும். ஆக, இந்த வகைச் சட்டம் கடனை அழிக்காது, ஆனால் ஒருவரைக் கடனிலேயே நிரந்தரமாக மூழ்கடிக்கும் வழியை அடைக்கிறது. அரசுக்குச் செலவு கிடையாது, மத்திய அரசோடு மோத வேண்டியதும் இல்லை. வேறு எதுவும் நிறைவேறாத மாநிலத்தில் குறைந்தபட்சம் இதையாவது கேட்கலாம்.

இப்போது நான் அதிக நேரம் செலவிட்ட இடத்துக்கு வருகிறேன். பில் கடனாக மாறுவதற்கு முன்பே அதில் கைவைக்கும் சட்டங்கள்.

நிதி உதவித் திட்டம் இருக்க வேண்டும் என்று மத்திய விதி சொல்கிறது, யாருக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை. அதை ஆஸ்பத்திரியே முடிவு செய்யலாம். அந்த வெற்றிடத்தைத்தான் சில மாநிலங்கள் நிரப்பின. மேரிலாந்தில் வறுமைக் கோட்டின் இரண்டு மடங்குவரை வருமானம் உள்ளவர்களுக்குத் தேவையான ஆஸ்பத்திரி சிகிச்சை இலவசம். வாஷிங்டனில் 2022 ஜூலையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிகளில் மூன்று மடங்குவரை இலவசம், நான்கு மடங்குவரை தள்ளுபடி. ஒரெகனில் இரண்டு மடங்குவரை இலவசம், அதற்கு மேல் நான்கு மடங்குவரை 75, 50, 25 சதவீதம் என்று படிப்படியாகக் குறையும் தள்ளுபடி. இந்த மூன்று மாநிலங்களில் எதில் இருந்திருந்தாலும் என் நண்பரின் 17,200 டாலர் பில் பூஜ்யமாகியிருக்கும். வட்டி, ஏஜென்சி, கிரெடிட் ரிப்போர்ட் என்ற பேச்சுக்கே இடம் இருந்திருக்காது.

ஆனால் அவர் விண்ணப்பித்திருந்தால்தானே? இங்கேதான் ஒரெகனின் இன்னொரு சட்டம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2023-ல் போட்டு 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. இன்சூரன்ஸ் இல்லாதவர், மெடிகெய்டில் (குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) இருப்பவர், 500 டாலருக்கு மேல் பாக்கி வரப்போகிறவர் ஆகியோருக்கு உதவிக்குத் தகுதி இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியே முன்கூட்டிச் சரிபார்க்க வேண்டும், பில் அனுப்புவதற்கு முன்பே. படிவம் எங்கே, யாரிடம் கேட்பது, எத்தனை நாள் கெடு என்று நோயாளி அலைய வேண்டாம். வயிற்றில் தையலோடு படுத்திருப்பவர் மூன்றாம் பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிப்பார் என்று எதிர்பார்க்கிற சட்டமும், ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவின் கம்ப்யூட்டரில் அந்த வேலையைக் கட்டாயமாக்குகிற சட்டமும் காகிதத்தில் ஒரே தள்ளுபடியைத் தரலாம். போய்ச் சேரும் குடும்பங்களின் எண்ணிக்கை வேறு. ஆங்கிலம் சரளமாக வராத வயதானவர்கள், இரவு ஷிப்டில் வேலை செய்பவர்கள், "தர்மம் கேட்கிற மாதிரி இருக்குமே" என்று கூச்சப்படுகிற நம்மைப் போன்றவர்கள் எல்லாம் விண்ணப்பம் என்ற வாசலிலேயே நின்றுவிடுகிறோம். என் நண்பர் சொன்னதும் இதேதான். ஆறாவது மாதமே யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாராம். நமக்கு எதற்கு, வேலை கிடைத்துவிடும் என்று விட்டிருக்கிறார்.

கொலராடோவின் வழி வேறு. அங்கே முழு இலவசம் என்பதைவிட, கட்டும் தொகைக்கு ஒரு கூரை போட்டார்கள். 2022 செப்டம்பரிலிருந்து, வறுமைக் கோட்டின் இரண்டரை மடங்குவரை உள்ள குடும்பத்திடம் ஆஸ்பத்திரி மாத வருமானத்தில் 4 சதவீதத்துக்கு மேல் தவணை கேட்க முடியாது. தனியாகப் பில் போடும் மருத்துவர் ஒவ்வொருவரும் 2 சதவீதம். 36 மாதம் கட்டிவிட்டால், மிச்சம் எவ்வளவு இருந்தாலும் கடன் தீர்ந்ததாகக் கணக்கு. என் நண்பருக்கு மாத வருமானம் 5,000 என்று வைத்தால் ஆஸ்பத்திரிக்கு மாதம் 200, மூன்று ஆண்டில் 7,200. இலவசத்தோடு ஒப்பிட்டால் இது குறைவான உதவிதான். 60,000 டாலரில் நான்கு பேர் சாப்பிடும் வீட்டில் 200 டாலர் சின்னத் தொகை இல்லை. ஆனாலும் இந்தச் சட்டத்தில் ஒரு முடிவுத் தேதி இருக்கிறது. 36-ஆம் மாதம் என்று காலண்டரில் குறித்து வைக்கலாம். அப்புறம், பல மாநிலங்கள் மறந்துவிட்ட மருத்துவர்களின் தனிப் பில்லை இது தொடுகிறது.

வட கரோலினாவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே சட்டமே போடவில்லை. மாநிலக் கருவூலர் டேல் ஃபோல்வெல் ஆதரித்த மசோதா சட்டமன்றத்தில் முட்டி நின்றது. ஆளுநர் ராய் கூப்பர் 2024-ல் வேறு பக்கமாக வந்தார். மெடிகெய்ட் மூலம் ஆஸ்பத்திரிகளுக்குக் கூடுதல் பணம் தரும் ஒரு திட்டம் இருந்தது. இன்னும் அதிகம் வேண்டுமா, அப்படியானால் நிபந்தனைகளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். 2014 வரை பின்னோக்கிப் போய் மெடிகெய்ட் பயனாளிகளின் பழைய கடனை ரத்து செய்ய வேண்டும். வறுமைக் கோட்டின் மூன்று மடங்குவரை வருமானம் உள்ளவர்களுக்கு 50 முதல் 100 சதவீதம் தள்ளுபடி தர வேண்டும். தகுதியானவர்களைத் தானாகவே சேர்க்க வேண்டும். வட்டி 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சில வாரங்களில் மாநிலத்தின் 99 ஆஸ்பத்திரிகளும் கையெழுத்திட்டன. 20 லட்சம் பேரின் 400 கோடி டாலர் கடன் போகும் என்று அப்போது கணித்தார்கள். ஆஸ்பத்திரிகளை எதிர்த்து நிற்காமல், அவர்களுக்கு வேண்டிய ஒன்றைக் கையில் வைத்துப் பேசிய பேரம் இது. ஆனால் எல்லா மாநிலமும் இதை அப்படியே பின்பற்ற முடியாது. 2025 ஜூலையில் நிறைவேறிய மத்தியச் சட்டம், 2028-லிருந்து இந்த வகைக் கூடுதல் பணத்தை ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே போகும். பணம் குறையக் குறைய நிபந்தனையின் பிடியும் தளரும்.

கடைசியாக, வேர்: விலை. குடல்வால் ஆபரேஷனுக்கு 17,200 டாலர் ஏன் என்ற கேள்வி. மாசசூசெட்ஸ் 2012-லேயே மருத்துவச் செலவு ஆண்டுக்கு இவ்வளவுதான் வளரலாம் என்று இலக்கு வைத்து ஒரு ஆணையம் அமைத்தது. இலக்கைத் தாண்டியதற்காக முதன்முதலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமத்திடம் திருத்தத் திட்டம் கேட்டது 2022-ல்தான். பத்து ஆண்டு ஆனது. கலிஃபோர்னியா 2029-க்குள் 3 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறது, பார்க்க வேண்டும். இன்னும் கூர்மையான கருவி ஒரெகனிடம் இருக்கிறது. மாநில ஊழியர்களின் இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரிகளுக்கு மெடிகேர் (முதியோருக்கான மத்திய அரசு இன்சூரன்ஸ்) தரும் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தராது. முதல் இரண்டேகால் ஆண்டில் 10 கோடி டாலருக்கு மேல் மிச்சம். ஆனால் அது மாநில ஊழியர்களுக்கு மட்டும். தனியார் கம்பெனிகள் தாங்களே பணம் போட்டு நடத்தும் இன்சூரன்ஸை 1974-ன் மத்தியச் சட்டம் மாநிலங்களின் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறது. நம்மவர்களில் ஐ.டி. கம்பெனிகளில் இருப்பவர்கள் பலருக்கு இருப்பது இந்த வகைதான்.

மேரிலாந்து இதிலும் வித்தியாசமான மாநிலம். 1970-களிலிருந்து அங்கே ஓர் ஆணையம் ஆஸ்பத்திரி விலையை நிர்ணயிக்கிறது. ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே சிகிச்சைக்கு எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே விலை. இலவச சிகிச்சையின் செலவுகூட அந்த விலைக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் அங்கே மருத்துவக் கடன் பிரச்சினை இருக்கக் கூடாது அல்லவா? 2020-ல் ஒரு செவிலியர் சங்கம் நீதிமன்றப் பதிவுகளைத் தோண்டியது. பத்தாண்டுகளில் மேரிலாந்து ஆஸ்பத்திரிகள் நோயாளிகள்மேல் போட்ட வழக்குகள் ஏறத்தாழ 1,45,000. படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். விலைக் கட்டுப்பாடும் இலவச சிகிச்சை விதியும் இருந்தும், தகுதியானவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் கடமையும் வசூலுக்குக் கடிவாளமும் சரியாக இல்லாததால் நடந்தது அது. மறு ஆண்டே அந்த மாநிலம் வசூலைக் கட்டுப்படுத்தும் சட்டம் போட வேண்டி வந்தது.

அதனால் என் கடிதம் இப்படி இருக்கும். வாஷிங்டனின் வருமான வரம்பு, ஒரெகனின் முன்சரிபார்ப்பு, அதற்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குக் கொலராடோவின் 36 மாதக் கூரை. மூன்றையும் ஒரே மசோதாவில் கேட்பேன். செலவு ஆஸ்பத்திரிமேல் விழும், கிராமப்புறச் சின்ன ஆஸ்பத்திரிகள் தாங்காது என்று எதிர்வாதம் வரும். அதில் உண்மை இருக்கிறது. வாஷிங்டன் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு வரம்பும் சின்னதற்குத் தாழ்ந்த வரம்பும் வைத்தது அதனால்தான். நமக்கும் அப்படியே செய்யலாம். உங்கள் சட்டமன்றத்தில் இது நகராது என்றால் அரிசோனாவைப் போல வட்டியும் சம்பளமும். மக்கள் நேரடியாக வாக்களிக்கும் வசதி உள்ள மாநிலத்தில் அதை அந்த வழியிலேயே கொண்டுபோகலாம். கிரெடிட் ரிப்போர்ட் மசோதா தனியாக வந்தால் ஆதரிப்பேன், ஆனால் அதைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று உறுப்பினர்கள் கைதட்டிக்கொள்ள விடமாட்டேன்.

மசோதாவின் வாசகம் கைக்கு வந்தால் மூன்று இடத்தைத் தேடிப் பாருங்கள். தகுதியைச் சரிபார்ப்பது யார் கடமை, நோயாளியா ஆஸ்பத்திரியா. மீறினால் என்ன ஆகும்: கொலராடோ 2022-ல் விலைப் பட்டியலை வெளியிடாத ஆஸ்பத்திரி கடன் வசூலிக்கவே முடியாது என்று வைத்தது, அபராதத்தைவிட அது வலுவானது. மூன்றாவது, "ஆஸ்பத்திரி" என்ற சொல்லுக்கான வரையறைக்குள் தனியாகப் பில் போடும் அறுவை மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் வருகிறார்களா என்று. வராவிட்டால், 17,200 டாலர் பூஜ்யமான பிறகும் 4,400 டாலருக்கு இரண்டு உறைகள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.